‘முதலில் வளர்ச்சி, பிறகு நலம்’: ஸ்காட்லாந்தில் நடக்கும் சண்டை

2018 ஏப்ரலில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் முதல் பிரிவு சில கொள்கைகளைச் சொல்கிறது. சமூகப் பாதுகாப்பு என்பது ஒரு மனித உரிமை. மற்ற உரிமைகளை அடைய அது அவசியம். அது ஸ்காட்லாந்து மக்களின் மீது செய்யப்படும் முதலீடு. தனிமனிதரின் கண்ணியம் அந்த அமைப்பின் மையத்தில் இருக்க வேண்டும். வலதுசாரிக் கட்சி உட்பட ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை.

‘கருணை’, ‘உதவி’, ‘பயனாளி’ என்ற சொற்களையே கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு சட்டத்தின் முதல் பக்கத்தில் ‘உரிமை’, ‘கண்ணியம்’ என்ற சொற்களைப் பார்ப்பது பெரிய விஷயம்தான். ஆனால் நாங்கள் இங்கே பேச வருவது அந்தச் சொற்களைக் கொண்டாடுவதற்காக அல்ல. அதே நாடாளுமன்றத்தில் இப்போது கேட்கப்படும் கேள்வி வேறு: இந்த உரிமைக்குக் காசு எங்கே? 2026 மே தேர்தலை முன்வைத்து அந்தக் கேள்வி சூடேறியிருக்கிறது. கன்சர்வேடிவ் கட்சி, நலச்செலவு கட்டுமீறிப் போகிறது, உழைக்கிறவர் தலையில் வரி ஏறுகிறது என்கிறது. லேபர் கட்சி, பொருளாதாரம் வளராமல் எதுவும் நடக்காது, எடின்பரோ அரசு பணத்தை வீணடிக்கிறது என்கிறது. பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஆளும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியோ, குழந்தை வறுமையை ஒழிப்பதே முதல் இலக்கு என்று சொல்லிக்கொண்டே வளர்ச்சியும் முக்கியம் என்கிறது. பசுமைக் கட்சி, சொத்துக்கு வரி போடு என்கிறது.

ஐம்பத்தைந்து லட்சம் பேர் வாழும் ஒரு குளிர்நாட்டின் கணக்கை நாம் ஏன் படிக்க வேண்டும்? ‘முதலில் வளர்ச்சி வரட்டும், பிறகு உங்களுக்குப் பங்கு’ என்ற வாதத்தை அதன் பிறந்த வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் காரணம். அந்த வாதத்தில் உண்மை எவ்வளவு, ஏமாற்று எவ்வளவு என்று அங்கே கொஞ்சம் தெளிவாகவே தெரிகிறது.

முதலில் பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். இது சலிப்பான பகுதி. ஆனால் இதைத் தாண்டிப் போகிறவர்கள் மேடையில் ஏமாந்துவிடுவார்கள்.

1999இல் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வந்தது. அதன் செலவில் பெரும்பகுதி லண்டனிலிருந்து மொத்த மானியமாக வருகிறது. அந்த மானியம் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு கூடும், குறையும் என்பதைப் ‘பார்னெட் சூத்திரம்’ முடிவு செய்கிறது. 1970களின் இறுதியில் லண்டன் கருவூலத்தில் அமைச்சராக இருந்த ஜோயல் பார்னெட் பெயரால் வழங்கும் கணக்கு இது. இங்கிலாந்தில் மருத்துவத்துக்கோ கல்விக்கோ கூடுதலாகச் செலவிட்டால், மக்கள்தொகை விகிதப்படி ஸ்காட்லாந்துக்கும் ஒரு பங்கு வரும். அங்கே வெட்டினால் இங்கேயும் வெட்டு. ஸ்காட்லாந்தின் தேவை என்ன என்று அந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை. இங்கிலாந்து என்ன செய்தது என்று மட்டுமே கேட்கிறது.

2014இல் தனிநாடு கோரிய வாக்கெடுப்பு நடந்தது. 55 விழுக்காடு வேண்டாம் என்றது, 45 விழுக்காடு வேண்டும் என்றது. அதன் பிறகு சமாதானமாகத் தரப்பட்டதுதான் 2016ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம். ஊதிய வருமானத்துக்கான வரி விகிதங்களை 2017 முதல் எடின்பரோ தீர்மானிக்கலாம். மாற்றுத்திறனாளிகள், பராமரிப்பாளர்களுக்கான உதவித்தொகைகள் உட்பட சில நலத்தொகைகளும் கைமாறின. அதிகாரம் வந்தது, கூடவே ஒரு கொக்கியும் வந்தது.

வருமான வரியை ஸ்காட்லாந்து தானே வசூலித்துக்கொள்வதால், லண்டன் தன் மானியத்தில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்கிறது. எவ்வளவு கழிப்பது? இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் தலைக்கு வரி வருவாய் எந்த வேகத்தில் வளர்கிறதோ அந்த வேகத்தில் கழிவும் வளரும். அங்கே சம்பளம் வேகமாக ஏறி, ஸ்காட்லாந்தில் மெதுவாக ஏறினால், ஸ்காட்லாந்து வரியைக் கூட்டினாலும் அதில் ஒரு பகுதி கழிவிலேயே கரைந்துவிடும். நடந்ததும் அதுதான். ஸ்காட்லாந்தில் 75,000 பவுண்டுக்கு மேல் 45 விழுக்காடு, 1,25,140 பவுண்டுக்கு மேல் 48 விழுக்காடு என்று வரி. 50,000 பவுண்டு ஊதியம் வாங்கும் ஒருவர் இங்கிலாந்துக்காரரைவிட ஆண்டுக்குச் சுமார் 1,500 பவுண்டு கூடுதலாகக் கட்டுகிறார். அப்படியும் மக்கள் கூடுதலாகக் கட்டிய அளவுக்கு அரசின் கையில் கூடுதல் பணம் நிற்கவில்லை என்று, கணிப்புகளை வெளியிடும் தன்னாட்சி அமைப்பான ஸ்காட்டிஷ் நிதி ஆணையம் தொடர்ந்து சொல்லிவருகிறது.

ஆகவே வளர்ச்சி பேசுகிறவர்களை ‘முதலாளிகளின் கைக்கூலி’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. இந்த ஏற்பாட்டில் ஸ்காட்லாந்தின் சம்பளங்கள் மற்ற பகுதிகளைவிட மெதுவாக உயர்ந்தால், குழந்தைக்கான தொகையும் மருத்துவமனைப் படுக்கையும் உண்மையாகவே குறையும். கடன் வாங்கிச் சமாளிக்கவும் எடின்பரோவுக்குக் கையளவு இடம்தான். இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

நலத்தொகைகளுக்கும் இதே கொக்கி உண்டு. கைமாறிய ஒவ்வொரு தொகைக்கும், லண்டன் அதற்கு இணையான தொகைக்கு எவ்வளவு செலவிடுகிறதோ அதன்படியே பணம் வரும். அதைவிடத் தாராளமாகக் கொடுத்தால் மீதியை எடின்பரோ தன் பட்ஜெட்டின் வேறு பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். இப்போது அந்த இடைவெளி ஆண்டுக்கு 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. இன்னும் விரியும் என்பதே ஆணையத்தின் கணிப்பு. எதிர்க்கட்சிகள் மேடைதோறும் காட்டும் எண் இதுதான்.

ஆனால் இந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பகுதி ‘ஸ்காட்டிஷ் குழந்தைத் தொகை’. 2021 பிப்ரவரியில் தொடங்கியது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வாரம் 10 பவுண்டு. 2022 ஏப்ரலில் 20. அதே ஆண்டு நவம்பரில் 25. பதினாறு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் விரிந்தது. 2025-26இல் 27.15. குறைந்த வருமானத்துக்கான உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்கு மட்டும்தான். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதில் வருகிறார்கள். இங்கிலாந்தில் இப்படி ஒன்று இல்லை. அதனால் இதன் முழுச் செலவும், அதாவது ஆண்டுக்கு 40 கோடி பவுண்டுக்கு மேல், எடின்பரோவின் பையிலிருந்தே போகிறது.

பலன் உண்டா? 2023-24 கணக்குப்படி ஸ்காட்லாந்துக் குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் ஒப்பீட்டு வறுமையில் இருந்தனர். ஐக்கிய இராச்சியம் முழுவதற்கும் அது 31 விழுக்காடு. ஸ்காட்லாந்தில் வீட்டு வாடகை இங்கிலாந்தைவிடக் குறைவு என்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். முழுப் பெருமையும் இந்தத் தொகைக்கே என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு ஏழைத் தாயின் கையில் ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 27 பவுண்டு கூடுதலாக இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் இல்லை என்று வாதிடுகிறவர் வாரக்கடைசியில் மளிகைக் கடைக்குப் போனதே இல்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஸ்காட்லாந்து 2017இல் குழந்தை வறுமைச் சட்டம் இயற்றியது. 2023-24க்குள் வறுமையை 18 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும், 2030-31க்குள் 10 விழுக்காட்டுக்குக் கீழே. முதல் இலக்கு தவறிவிட்டது. சட்டத்தில் எழுதிய எண்ணை அரசே எட்டவில்லை. யாரும் சிறை போகவில்லை, பதவி போகவில்லை. உரிமை என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கும் நம் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்தத் தொகையில் ஒரு குறை இருக்கிறது. அதை வலதுசாரிகள் மட்டும் பேச விட்டுவிடக் கூடாது. அடிப்படை உதவித்தொகை நின்றுபோனால் குழந்தைத் தொகையும் அன்றே முழுதாக நிற்கும். 2025-26 கணக்கில் மூன்று குழந்தைகள் உள்ள வீட்டில் வாரம் 81.45 பவுண்டு, ஆண்டுக்கு 4,200 பவுண்டுக்கு மேல். சம்பளம் கொஞ்சம் உயர்ந்து உதவித்தொகையின் எல்லையைத் தாண்டும் தாய், அந்த ஒரு பவுண்டுக்காக இவ்வளவையும் இழக்கிறாள். கூடுதல் நேரம் வேலை செய்ய அவள் தயங்கினால் அது சோம்பேறித்தனமா, கணக்கா? படிப்படியாகக் குறையும்படி அதை அமைக்க முடியும். அதற்குக் காசும் வேண்டும், லண்டனிடம் உள்ள தகவல்களும் வேண்டும். குழந்தை வறுமைக்கு எதிரான இயக்கங்கள் தொகையை 40 பவுண்டாக உயர்த்தச் சொல்கின்றன. உயர்த்த வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடும். ஆனால் விளிம்பைச் சரிசெய்யாமல் தொகையை மட்டும் உயர்த்தினால் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

இங்கே ‘ஒப்பீட்டு வறுமை’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவருமானத்தில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் வறுமை என்பது அளவு. ‘அவர்களிடம் கைபேசி இருக்கிறது, டிவி இருக்கிறது, இது என்ன வறுமை?’ என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு. வளர்ச்சிவாதிகள் தங்கள் குலதெய்வமாகக் கும்பிடும் ஆடம் ஸ்மித் ஸ்காட்லாந்தின் கிர்காடி ஊர்க்காரர். அவர் 1776இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். தன் காலத்தில் ஒரு கூலித் தொழிலாளி நார்த்துணிச் சட்டை இல்லாமல் பொது இடத்துக்கு வர வெட்கப்படுவான். ஆகவே அந்தச் சட்டை அவனுக்கு அத்தியாவசியப் பொருள் என்றார். உயிர் வாழ என்ன வேண்டும் என்பதோடு, நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க என்ன வேண்டும் என்பதும் வறுமையின் அளவுகோல். சட்டையும் செருப்பும் போடக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை. நலச்செலவு உயர்வின் பெரும்பகுதி இங்கேதான். இங்கிலாந்தில் இருக்கும் தொகைக்குப் பதிலாக 2022இல் ஸ்காட்லாந்து தன் சொந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய முறையில் தனியார் நிறுவனங்கள் மதிப்பீடு செய்தன. நடக்க முடியுமா, எத்தனை அடி, சமைக்க முடியுமா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுப் புள்ளி போடுவார்கள். சந்தேகத்தில் தொடங்கும் விசாரணை அது. ஸ்காட்லாந்து தனியார் மதிப்பீட்டை நிறுத்தியது. விண்ணப்பதாரர் சொல்வதை நம்பித் தொடங்கு, தேவைப்பட்டால் மட்டும் நேரில் பேசு என்று மாற்றியது. விளைவு, கூடுதல் பேர் விண்ணப்பிக்கிறார்கள்.

இதைத்தான் ‘கட்டுமீறல்’ என்கிறார்கள். நாங்கள் சமூகப்பணியில் படிவம் நிரப்பிக் கொடுத்தே பாதி நாளைக் கழிப்பவர்கள். ஒரு சான்றிதழுக்காக ஒரு கால் இல்லாதவரை மாடிப்படி ஏறி வரச் சொன்ன அலுவலகத்தையும் பார்த்திருக்கிறோம். படிவம் கடினமாக இருந்தால் செலவு குறையும் என்பது எல்லா நிதித்துறைக்கும் தெரிந்த ரகசியம். வாசலை அகலமாக்கிய பிறகு அதிகம் பேர் உள்ளே வந்தால், முன்பு அத்தனை பேர் வெளியே நின்றிருந்தார்கள் என்றுதான் அர்த்தம். அந்தப் பேரில் சேமித்த பணத்தை ‘நிதி ஒழுக்கம்’ என்று அழைத்தார்கள்.

லண்டனின் கை எவ்வளவு நீளம் என்பதும் இங்கே தெரியும். 2025 மார்ச்சில் லேபர் அரசு இங்கிலாந்தில் இந்தத் தொகையைப் பெறும் தகுதியை இறுக்கப் போவதாக அறிவித்தது. நடந்திருந்தால் ஸ்காட்லாந்தில் ஒருவரின் தகுதியும் மாறாமலேயே அதற்கு வரும் பணம் மட்டும் குறைந்திருக்கும். சொந்தக் கட்சி உறுப்பினர்களே கலகம் செய்ததால் ஜூலையில் அந்தப் பகுதி பின்வாங்கப்பட்டது. முந்தைய ஆண்டு முதியோருக்கான குளிர்கால எரிபொருள் தொகையை லண்டன் வெட்டியபோதும் இதே கதை. அனைவருக்கும் தருவதாக இருந்த எடின்பரோ, வரவேண்டிய பணம் நின்றதும் தன் திட்டத்தைத் தள்ளிப்போட்டது.

இரண்டு குழந்தை வரம்பையும் சொல்லாமல் விட முடியாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு பிறந்த மூன்றாவது குழந்தைக்கு உதவித்தொகையில் பங்கு கிடையாது என்று கன்சர்வேடிவ் அரசு விதி வைத்தது. ஆண்டுக்குச் சுமார் 3,500 பவுண்டு இழப்பு. விதிவிலக்கு ஒன்று இருந்தது: பாலியல் வன்முறையால் பிறந்த குழந்தை என்றால் தரலாம். அதாவது, தான் வன்முறைக்கு ஆளானதைத் தாய் ஒரு படிவத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கிளாஸ்கோவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் அலிசன் தியூலிஸ் அந்த விதிக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் போராடினார். 2024 ஜூலையில், புதிய லேபர் அரசு வந்த சில வாரங்களில், இந்த வரம்பை நீக்கக் கோரிய திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்த ஏழு லேபர் உறுப்பினர்களைக் கட்சி இடைநீக்கம் செய்தது. காரணம், பணம் இல்லை, முதலில் வளர்ச்சி. அந்தத் திசம்பரில் எடின்பரோ, நாங்களே எங்கள் பணத்தில் ஈடுகட்டுகிறோம் என்று அறிவித்தது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் லண்டனே 2026 ஏப்ரல் முதல் வரம்பை நீக்குவதாகச் சொல்லிவிட்டது. அந்தப் பதினாறு மாதத்தில் பிரிட்டன் பொருளாதாரம் அப்படி ஒன்றும் பொங்கி வழியவில்லை. மாறியது அரசியல் அழுத்தம் மட்டுமே.

சரி, வளர்ச்சி வந்த காலத்தில் என்ன நடந்தது?

1970களில் வடகடலில் எண்ணெய் கிடைத்தது. 1974இல் கேவின் மெக்ரோன் என்ற அரசுப் பொருளியலாளர் ஓர் அறிக்கை எழுதினார். ஸ்காட்லாந்து தனிநாடாக இருந்தால் அந்த எண்ணெயால் பெரும் உபரியோடு இருக்கும் என்றது அது. அறிக்கை ரகசியமாக வைக்கப்பட்டது. 2005இல்தான் வெளியே வந்தது. அதே கடலின் மறுகரையில் நார்வே 1990இல் சட்டம் போட்டு எண்ணெய்ப் பணத்தை நிதியமாகச் சேர்த்தது. பிரிட்டன் அப்படி எதையும் சேர்க்கவில்லை. எண்ணெய் வருவாய் உச்சத்தில் இருந்த அதே 1980களில்தான் ஸ்காட்லாந்தின் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. லின்வுட் கார் தொழிற்சாலை 1981இல். மதர்வெல்லின் ரேவன்ஸ்கிரெய்க் இரும்பாலை 1992இல். அந்தத் தலைமுறை வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்தபோது நாட்டின் மொத்த உற்பத்தி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அந்த ஊர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இன்றைய மரணக் கணக்கில் பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் 2024இல் மட்டும் போதைப்பொருளால் 1,017 பேர் இறந்தார்கள். ஐரோப்பாவிலேயே மோசமான விகிதம். வசதியான பகுதியில் பிறக்கும் ஆணுக்கும் பின்தங்கிய பகுதியில் பிறக்கும் ஆணுக்கும் ஆயுள் வித்தியாசம் பத்து ஆண்டுகளுக்கும் மேல்.

2025 ஏப்ரலில் கிரேஞ்ச்மவுத் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நின்றது. சுமார் 400 வேலைகள் போயின. பசுமைப் பொருளாதாரத்துக்கு ‘நியாயமான மாற்றம்’ என்று இரண்டு அரசுகளும் பல ஆண்டுகளாகப் பேசிவந்தன. மாற்றம் வரும் முன்பே மூடல் வந்துவிட்டது. வளர்ச்சி எந்தத் தொழிலில், எந்த ஊரில், யார் கையில் என்று கேட்காமல் ‘வளர்ச்சி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து விவாதம் நடத்துவது ஒரு வசதி. அந்த வசதியை நாம் யாருக்கும் தரக் கூடாது.

இன்னும் ஒன்று. வளர்ச்சியின் முக்கியமான நெம்புகோல்கள் எடின்பரோவிடம் இல்லை. கடந்த பத்தாண்டுகளாக ஸ்காட்லாந்தில் பிறப்பைவிட இறப்பு அதிகம். வேலை செய்ய ஆட்கள் வெளியிலிருந்துதான் வர வேண்டும். குடியேற்றம் லண்டனின் அதிகாரம். முதியோர் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் விசா வழியை லண்டன் 2025 ஜூலையில் மூடியது. அந்த வழியில் போனவர்களில் நம் ஊர்ப் பக்கத்துச் செவிலியர்களும் உண்டு. ஆள் வேண்டாம், ஆனால் வளர்ச்சி வேண்டும் என்பது என்ன கணக்கோ!

கையில் இருக்கும் நெம்புகோல் ஒன்றைச் சொல்லலாம்: குழந்தைப் பராமரிப்பு. 2021 ஆகஸ்ட் முதல் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 1,140 மணி நேர இலவசப் பராமரிப்பு. இது நலமா, வளர்ச்சியா? தாய் வேலைக்குப் போக முடிகிறது, வரி கட்டுகிறாள், குழந்தை படிக்கிறது. நலச்செலவு ஒரு பக்கம், வளர்ச்சி எதிர்ப்பக்கம் என்று கோடு கிழித்தவர்களுக்கு இந்தச் செலவை எந்தப் பத்தியில் எழுதுவது என்றே தெரியாது.

அடுத்து ‘எல்லோருக்குமா, ஏழைக்கு மட்டுமா’ என்ற சண்டை. நமக்கு நன்கு பழகிய ‘இலவசம்’ சண்டையின் ஸ்காட்லாந்துப் பதிப்பு. முதியோருக்கு இலவசப் பராமரிப்பு 2002 முதல், மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை 2011 முதல், 22 வயதுக்குட்பட்டோருக்கு இலவசப் பேருந்து 2022 முதல், பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவருக்குக் கட்டணம் இல்லை. 2012இல் அப்போதைய ஸ்காட்டிஷ் லேபர் தலைவி ஜோஹன் லாமன்ட், உழைக்காமல் எல்லாம் கிடைக்கும் நாடாக இருக்க முடியாது என்ற பொருளில் ஒரு உரை ஆற்றினார். இடதுசாரிக் கட்சியின் வாயிலிருந்து வந்த அந்தப் பேச்சு அவர்களுக்கு அரசியலாகப் பெரும் சேதம் செய்தது.

நாங்கள் பொதுவாக ‘எல்லோருக்கும்’ பக்கம்தான். ஏழைக்கு மட்டும் என்று வைத்தால் வரிசையில் நிற்பவர் முகத்தில் முத்திரை விழுகிறது. பிறகு அந்தத் திட்டத்தைக் காக்க நடுத்தர வர்க்கம் வருவதில்லை. ஆனால் மாணவர்களாகிய நீங்கள் யோசிக்க ஒரு விஷயம். பல்கலைக்கழகக் கட்டணத்தை இலவசமாக வைத்திருந்த அதே ஆண்டுகளில், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் போகும் கல்லூரிகளில் பகுதிநேர இடங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. பல்கலைக்கழகத்துக்கு மருத்துவர் மகளும் இலவசமாகப் போகிறார், சரி. தச்சு வேலை, செவிலியம் படிக்க மாலை வகுப்பு தேடிய கடைப் பணியாளருக்கு இடம் இல்லை. ‘எல்லோருக்கும் இலவசம்’ என்ற பலகை தொங்கும்போது, அந்த வாசல் வரை யாரால் வர முடிகிறது என்று பார்க்க வேண்டும். 2030க்குள் பல்கலைக்கழகத்தில் சேர்பவர்களில் ஐந்தில் ஒருவர் மிகப் பின்தங்கிய பகுதிகளிலிருந்து வர வேண்டும் என்று இலக்கு வைத்திருப்பது நல்லது. கட்டணமின்மை மட்டும் போதாது என்பதற்கு அந்த இலக்கே சாட்சி.

இனி ஆளும் தேசியக் கட்சியிடம் கேட்க வேண்டியது. அவர்கள் தங்கள் வரிமுறையை முற்போக்கானது என்கிறார்கள். மேலே உள்ளவர்களிடம் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பது உண்மை. கீழே உள்ளவருக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா? இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் 2025-26இல் 30 பவுண்டுக்கும் குறைவு. அதைவிட முக்கியம், இதெல்லாம் சம்பளத்தின் மீதான வரி. சொத்தின் மீது? உள்ளாட்சிகள் வசூலிக்கும் வீட்டு வரி இன்றும் 1991ஆம் ஆண்டின் வீட்டு மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அதை ஒழித்து நியாயமான வரி கொண்டுவருவோம் என்று சொல்லித்தான் 2007இல் அவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். ஒழிக்கவில்லை. மாறாகப் பல ஆண்டுகள் அந்த வரியை உயர்த்தாமல் உறையவைத்தார்கள். அதனால் பெரிய வீடுகள் லாபமடைந்தன. உள்ளாட்சிகளின் நூலகமும் இளைஞர் மையமும் சுருங்கின. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மறுமதிப்பீடு செய்ய எந்தக் கட்சியின் அரசும் துணியவில்லை. வீட்டுக்காரர்கள் வாக்களிக்கிறார்கள், அவ்வளவுதான்.

நிலமும் அப்படியே. ஸ்காட்லாந்தின் தனியார் நிலத்தில் பாதி 500 பேருக்கும் குறைவானவர்களிடம் இருக்கிறது. ஐரோப்பாவில் இவ்வளவு குவிந்த நில உடைமை அரிது. நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் 2003இலும் 2016இலும் வந்தன. சில தீவுகளிலும் கிராமங்களிலும் மக்களே நிலத்தை வாங்கி நிர்வகிக்கிறார்கள். ஆனால் மொத்தப் படம் பெரிதாக மாறவில்லை. வாரம் 27 பவுண்டு அதிகமா என்று நாள் முழுக்க விவாதிக்கும் தொலைக்காட்சி, இந்த நிலம் அவர்களுக்கு எப்படி வந்தது என்று அரைமணி நேரம்கூட விவாதிப்பதில்லை.

ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் அரசின் வரவு-செலவுக் கணக்கு ஒன்று வெளியாகும். 2024-25க்கு, வடகடல் எண்ணெயையும் சேர்த்தே பற்றாக்குறை 2,650 கோடி பவுண்டு, உற்பத்தியில் 11.7 விழுக்காடு. ஐக்கிய இராச்சியத்துக்கு 5.1. பார், உங்களால் தனியாக நிற்க முடியாது என்பார்கள் ஒரு தரப்பார். இது லண்டன் நடத்திய பொருளாதாரத்தின் கணக்கு, எங்கள் தோல்வி அல்ல என்பார்கள் மறுதரப்பார். தனிநாடா இல்லையா என்பதை ஸ்காட்லாந்து மக்கள் முடிவு செய்யட்டும். அதில் நமக்கு வேலை இல்லை. எங்களுக்குப் படுவது வேறு: அந்த ஆகஸ்ட் சண்டை இரு தரப்புக்குமே சௌகரியமானது. எல்லாவற்றுக்கும் கொடியே விடை என்று ஆகிவிட்டால், 1991 வீட்டு மதிப்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

22 விழுக்காடு என்பது ஒரு சராசரி. சமூகவியல் படித்தவர்களுக்குச் சராசரி மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஸ்காட்லாந்து அரசே வறுமை அதிகம் தாக்கும் ஆறு வகைக் குடும்பங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. தனித்து வளர்க்கும் பெற்றோர், மாற்றுத்திறனாளி உள்ள வீடு, மூன்றும் அதற்கு மேலும் குழந்தைகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, 25 வயதுக்குட்பட்ட தாய், சிறுபான்மை இனக் குடும்பம். இந்தப் பட்டியல் இருப்பது நல்லது. ஆனால் ஒரு கறுப்பினத் தனித்தாய் இரண்டு மூன்று வகைகளில் ஒரே நேரத்தில் வருவாள். திட்டங்களோ ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக எண்ணுகின்றன.

ஜிப்சி, டிராவலர் என்று அழைக்கப்படும் நாடோடிச் சமூகங்கள் அந்தச் சராசரியில் பல நேரம் தென்படுவதே இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அவர்களைக் கட்டாயமாகக் குடியமர்த்த ஓர் அரசுத் திட்டம் நடந்தது. வசதியற்ற குடிசைகளில் அடைத்தார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்வோம் என்று மிரட்டினார்கள். அதுவும் ‘நலத்திட்டம்’ என்ற பெயரில் செலவிட்ட அரசுப் பணம்தான். 2025 ஜூனில் முதலமைச்சர் ஜான் ஸ்வின்னி நாடாளுமன்றத்தில் முறைப்படி மன்னிப்புக் கேட்டார். இழப்பீடு பற்றிய கேள்விக்கு அந்த மன்னிப்பில் பதில் இல்லை.

இவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு கருவி ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சமத்துவச் சட்டத்தின் முதல் பகுதி, பெரிய முடிவுகளை எடுக்கும்போது சமூக-பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைப்பதைப் பொது அமைப்புகள் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் அந்தப் பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவராமல் அப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்காட்லாந்து 2018 ஏப்ரலில் அதை உயிர்ப்பித்தது. ஒரு நூலகத்தை மூடும் முன், ஒரு பேருந்து வழித்தடத்தை நிறுத்தும் முன், இதனால் ஏழைகளுக்கு என்ன ஆகும் என்று யோசித்ததை உள்ளாட்சி எழுத்தில் காட்ட வேண்டும். ‘கருத்தில் கொள்ள’ என்பது பலவீனமான சொல் என்று எங்களுக்கும் தெரியும். யோசித்தோம், இருந்தும் மூடினோம் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தத் தாள் பொது ஆவணம். அங்கிருக்கும் குடியிருப்போர் சங்கங்கள் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று வரி வரியாகக் கேள்வி கேட்கலாம்.

சமூகப் பாதுகாப்பை நடத்தும் நிறுவனத்தின் தலைமையகம் டண்டீ நகரில் இருக்கிறது. வங்காளத்துச் சணலை நெய்து பணக்கார நகரமான ஊர் அது. ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்தார்கள். அவர்கள் கூலி குறைவு என்பதால். ஆலை முதலாளிகள் பிறகு கொல்கத்தாவின் இன்னும் குறைந்த கூலியைத் தேடிப் போனார்கள். டண்டீ ஆலைகள் படிப்படியாக அடங்கின, கடைசிச் சணல் கப்பல் 1998இல் வந்தது. அந்த ஊரில்தான் இன்று குழந்தைத் தொகைக்கான விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படுகின்றன. மே மாதத் தேர்தலுக்குப் பிறகு எந்தக் கட்சி வந்தாலும் அவர்கள் மேசைக்கு முதலில் வரப்போவது இரண்டு தாள்கள்: நலத்தொகைக்கும் லண்டன் தரும் பணத்துக்கும் இடையே விரியும் 100 கோடி பவுண்டுக்கு மேலான இடைவெளி ஒன்று, 2030-31க்குள் 10 விழுக்காடு என்ற சட்டப்படியான இலக்கு இன்னொன்று. மூன்றாவதாக 1991 தேதியிட்ட வீட்டு மதிப்புப் பட்டியலையும் அந்த மேசையில் வைக்கச் சொல்லி, கிளாஸ்கோவிலும் டண்டீயிலும் குத்தகைதாரர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் எவ்வளவு நெருக்குகின்றன என்பதை நாங்கள் கவனித்துக்கொண்டிருப்போம்.